தலைக்கு மேலே தொங்கும் சரம்

கோயம்பேடு மார்க்கெட்டில் மஞ்சப்பை எந்திரத்துக்கு முன்னால் போய் நின்றபோது காலை ஏழு மணி இருக்கும். பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டேன். உள்ளே ஏதோ சுற்றும் சத்தம். கீழ்த் தட்டில் தொப்பென்று ஒரு பை விழுந்தது. கெட்டித் துணி, கைப்பிடி தைத்த இடத்தில் நூல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற பெரியவர் பையை வாங்கித் தடவிப் பார்த்தார். “எங்க பொண்ணு கல்யாணத்துல தேங்காய் வெத்தல பாக்கு போட்டு இதையேதான் குடுத்தோம். சும்மா குடுத்தோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை முதலமைச்சர் ஸ்டாலின் 2021 டிசம்பரில் தொடங்கிவைத்தார். அதற்கு முன்பே, 2018 ஜூனில் அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்துவிட்டது. கேரி பேக், ஸ்ட்ரா, பிளாஸ்டிக் கப், தட்டு, தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் பட்டியலில் உண்டு. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் எந்தப் போஸ்டரைப் பார்த்தாலும் அது என்னைப் பார்த்துத்தான் பேசுகிறது. நான் பை கொண்டு வர வேண்டும், நான் பிரித்துப் போட வேண்டும், நான் மறுக்க வேண்டும். பைக்குள் போகிற சரக்கை எதில் அடைப்பது என்று முடிவு செய்கிறவரிடம் யார், எந்தப் போஸ்டரில் பேசுகிறார்கள்? பையில் தொடங்கிக் குப்பை மேடு வரை ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்ப்பது என்றுதான் கிளம்பியிருந்தேன்.

மார்க்கெட்டுக்குள் பைக்கு வேலை சுலபமாக இருந்தது. வெங்காயம் கோணியில் வருகிறது, தக்காளி கிரேட்டில் வருகிறது, கீரை கட்டாக வருகிறது. நேராகப் பையில் கொட்டிக்கொள்ளலாம். தராசுக்குக் கீழே கால் மறைவில் ஒரு கட்டு கேரி பேக்கும் இருந்தது. கேட்டவருக்கு மட்டும் ஒன்றை உருவிக் கொடுத்தார் கடைக்காரர். நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார். “குடுக்கலைன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க சார். நான் என்ன, ஆசைப்பட்டா காசு போட்டு வாங்கி வெக்கறேன்?” என்றார். அரைக் கிலோ தக்காளி 15 ரூபாய். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

எம்.கே.பி. நகர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பெரம்பூர் பக்கம் நெரிசலில் பஸ் ஊர்ந்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இறங்கின இடத்திலிருந்து உள்ளே இரண்டு தெரு தள்ளி ஒரு மளிகைக் கடை. எட்டடி அகலம் இருக்கும். கடைக்காரர் முகத்தைப் பார்க்கவே கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது; மேலே கம்பியிலிருந்து பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஷாம்பு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். காபித்தூள் இரண்டு ரூபாய். ஊறுகாய், தேங்காய் எண்ணெய், தலைச்சாயம், பாத்திரம் விளக்கும் திரவம், கொசுவுக்குத் தடவுகிற களிம்பு. ஐந்து ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட்டுகள் தனி வரிசையில் காற்றடைத்து உப்பியிருந்தன. காற்று வீசும்போது எல்லாம் சேர்ந்து சரசரத்தன.

“அண்ணே, ஷாம்பு அளந்து குடுப்பீங்களா? பாட்டில் கொண்டு வந்தா?” என்று கேட்டேன்.

சிரித்தார். “எண்ணெயே இப்ப அளக்க முடியாது சார். எங்கப்பா காலத்துல டின்னு, புனல், கால்படி எல்லாம் இருந்துச்சு. இப்ப கம்பெனிலேர்ந்து வர்றதுதான் விக்கலாம்.”

ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று நாளைக்கு என்ன வாங்குவார்களோ அதை வாங்கினேன். துவரம்பருப்பு அரைக் கிலோ, எண்ணெய் அரை லிட்டர், உப்பு, பால், பிஸ்கட், சலவைத்தூள், ஊறுகாய் ஒன்று, காபித்தூள் இரண்டு, ஷாம்பு நான்கு. 234 ரூபாய். எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுப் பக்கத்துத் திண்ணையில் வைத்து எண்ணினேன். பதின்மூன்று பிளாஸ்டிக் உறைகள். நான் மறுத்தது பதினாலாவதை, அந்தக் கேரி பேக்கை. இந்தப் பதின்மூன்றில் ஒன்றையாவது மறுக்க எனக்கு வழி இருந்ததா என்று கடையை இன்னொரு முறை அலசிப் பார்த்தேன். துவரம்பருப்பைக்கூட மூட்டையில் வைத்திருக்கவில்லை. முட்டையும் வெங்காயமும் மட்டும்தான் உறையில்லாமல் இருந்தன.

‘சின்னப் பாக்கெட் வாங்காதீர்கள், பெரிய பாட்டிலாக வாங்குங்கள்’ என்பது பத்திரிகைகளில் அடிக்கடி வரும் அறிவுரை. அதையும் அங்கேயே கணக்குப் போட்டேன். ஒரு ரூபாய் ஷாம்புவில் 5 மில்லி. அதே வகையில் அலமாரியில் இருந்த 180 மில்லி பாட்டில் 130 ரூபாய். முப்பத்தாறு பாக்கெட் வாங்கினால் 36 ரூபாயில் அதே அளவு கிடைத்துவிடும். மூன்று மடங்குக்கு மேல் கொடுத்து ஒரு கூலித் தொழிலாளி வீட்டில் பாட்டில் வாங்க வேண்டும் என்று சொல்கிறவர், இந்தக் கம்பிக்குக் கீழே ஒருமுறை வந்து நின்றுவிட்டுச் சொல்லட்டும். கம்பெனிகளின் விலைப் போட்டி முழுக்கச் சரத்தில்தான் நடக்கிறது. கடைக்காரரும் அதையே சொன்னார்: “பாட்டில் மாசத்துக்கு ஒண்ணு போகும். சரம் டெய்லி.”

தடை பற்றிக் கேட்டேன். ஆட்கள் வந்தார்களாம், கேரி பேக்குக்கு அபராதமும் போட்டார்களாம். “கல்லாப் பெட்டிக்குக் கீழ, மூட்டைக்குப் பின்னாடி எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாத்தாங்க சார். தலைக்கு மேல தொங்கறத யாரும் நிமிந்து பாக்கல.”

அவர்கள் நிமிர்ந்து பார்க்காததற்குச் சட்டத்திலேயே காரணம் இருந்தது. 2018 அரசாணை, ஆலையில் சரக்கை அடைத்து ஒட்டி வருகிற உறைக்கு விலக்குக் கொடுத்திருந்தது. தெருவோரத்தில் இட்லி மடித்துத் தருகிற ஆயாவின் பிளாஸ்டிக் தாள் முதல் நாளே குற்றமாகிவிட்டது. ஆலை உறை ஆகவில்லை. 2020-ல் அந்த விலக்கையும் அரசு எடுத்துவிட்டது. காகிதத்தில் எடுத்தாகிவிட்டது. சரம் இறங்கவில்லை.

திண்ணையில் உட்கார்ந்து பாக்கெட்டுகளின் முதுகைப் படித்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால்தான் தெரிகிறது. குப்பைத் தொட்டிக்குள் எதையோ போடுகிற ஒரு குட்டி மனிதன் படம் பல உறைகளில் இருக்கிறது. அவன் நான்தான். என் கடமை படமாகவே போட்டுக் காட்டப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே, வெயிலில் சாய்த்துப் பிடித்தால் படிக்கக்கூடிய எழுத்தில், பி.ஓ. என்று தொடங்கும் ஒரு நீளப் பதிவெண். அது கம்பெனியின் கடமை. உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்று மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்வதன் அடையாளம் அது. சந்தைக்கு எவ்வளவு பிளாஸ்டிக் அனுப்பினாயோ அதற்கேற்ற அளவைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பிக் கணக்குக் காட்டு என்பது 2016 விதிகளின் சாரம். 2022-ல் அதற்கு இலக்குகளும், சான்றிதழ்களை வாங்கி விற்கிற ஏற்பாடும் வந்தன. கடைக்காரரிடம் அந்த எண்ணைக் காட்டி, இது என்னவென்று தெரியுமா என்றேன். “பேட்ச் நம்பரா?” என்றார். காலி உறையைத் திரும்ப வாங்க இதுவரை எந்தக் கம்பெனி ஆளாவது வந்ததுண்டா என்றதற்குத் தலையைக்கூட ஆட்டவில்லை; அடுத்த ஆளுக்கு வெங்காயம் நிறுக்கப் போய்விட்டார்.

ஆனால் ஒரு காலத்தில் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். இந்த ஒரு ரூபாய்ப் பாக்கெட்டின் பூர்வீகமே நம்ம கடலூர்தான். சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்புவைச் சின்ன உறையில் அடைத்து விற்கும் யோசனையைத் தொடங்கிவைத்தார். அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைக் கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் தனியே பிரிந்து, 1983-ல் 15,000 ரூபாய் முதலில் ‘சிக்’ ஷாம்பு போட்டார். இன்றைய கெவின்கேர் அதிலிருந்து வளர்ந்ததுதான். விற்பனையைப் பெருக்க அவர் செய்த வித்தைகளில் ஒன்று இது: எந்தக் கம்பெனியின் காலி உறையானாலும் ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். பிறகு சிக் உறை மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்கு ஏறியதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கிராமத்துப் பொட்டிக்கடை வரை காலி உறையைத் திரும்ப வாங்க ஆளும் வழியும் கணக்கும் இருந்திருக்கின்றன, அதுவும் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில். சந்தையைப் பிடிக்க வேண்டியிருந்தது, நடந்தது.

கடையிலிருந்து மேற்கொண்டு நடந்தால் ஒரு பள்ளிக்கூடத்து மதில். ஐம்பதடி நீளத்துக்கு ஓவியம். ஒரு சிறுமி குப்பைத் தொட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், மேலே ‘நம் நகரம் நம் பொறுப்பு’ என்று எழுத்து, வலது மூலையில் ஓவியத்துக்குப் பணம் கொடுத்த கம்பெனியின் முத்திரை. அந்தக் கம்பெனியின் பாக்கெட்டும் என் பையில் ஒன்று இருந்தது. மதிலுக்கு அடியில் ‘குப்பை கொட்டினால் அபராதம்’ என்று ஒரு பலகை. எவ்வளவு என்று எழுதிய இடத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

இந்த மாதிரி ஓவியத்துக்கு ஒரு நீண்ட வம்சாவளி உண்டு. அமெரிக்காவில் 1953-ல் வெர்மான்ட் மாநிலம், திரும்ப நிரப்ப முடியாத பாட்டிலில் பீர் விற்பதைத் தடை செய்தது. அதே 1953-ல் தகர டப்பா, கண்ணாடி பாட்டில் செய்கிற பெரிய கம்பெனிகள் சேர்ந்து ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ என்ற அமைப்பைத் தொடங்கின. தெருவில் குப்பை போடுகிறவனைத் திருத்துவதுதான் அதன் வேலை; பாட்டிலைத் திரும்ப வாங்க வேண்டும் என்ற சட்டத்தை அது கேட்கவில்லை. வெர்மான்ட் தடை 1957-ல் காலாவதியானது. 1971-ல் இந்த அமைப்பு எடுத்த விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. காரிலிருந்து வீசப்பட்ட குப்பை காலடியில் வந்து விழ, ஒரு அமெரிக்கப் பழங்குடிக் கிழவர் கண்ணீர் விடுகிறார். மனிதர்கள்தான் மாசுபடுத்துகிறார்கள், மனிதர்களால்தான் நிறுத்த முடியும் என்று குரல் சொல்கிறது. அழுத நடிகர் அயர்ன் ஐஸ் கோடி, இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்பது பின்னால் தெரிந்தது. பார்த்த ஜனங்கள் உண்மையாகவே குற்ற உணர்ச்சியில் நெளிந்தார்கள். டப்பா செய்தவர்கள் நெளிய வேண்டியிருக்கவில்லை.

ஓவியத்துக்கு எதிர்ப்புறமே காயலான் கடை. வாசல் பலகையில் சாக்பீஸால் அன்றைய விலை: இரும்பு 28, பேப்பர் 14, அட்டை 10, தண்ணீர் பாட்டில் 20. உள்ளே பாட்டில்கள் மூட்டை மூட்டையாகக் கூரையைத் தொட்டன. மூடி வேறு, உடம்பு வேறாகப் பிரித்திருந்தார்கள். வழியில் பொறுக்கிய மூன்று காலி ஷாம்பு உறைகளையும் ஒரு சிப்ஸ் கவரையும் நீட்டி, கிலோ என்ன விலை என்றேன். கடைப் பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி என்னைப் பார்த்தார்.

“இத யாரு சார் எடுப்பா? மூணு நாலு லேயர் ஒட்டிக்கெடக்கு. உருக்கினா ஒண்ணுக்கும் ஆகாது. நான் எடுத்தா, என் கைக்காசு குடுத்துத்தான் வெளிய தள்ளணும்.”

சிப்ஸ் கவரைக் கிழித்துக் காட்டினார். உள்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்கியது, வெளிப்பக்கம் அச்சு, ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் இரண்டும் தாளாகப் பிரிந்தது. சரக்கு கெடாமல் இருக்க ஒவ்வொரு அடுக்கும் ஒரு வேலை செய்கிறது. வேலை முடிந்த பிறகு அவற்றைப் பிரித்தெடுக்க லாபமான வழியில்லை. தண்ணீர் பாட்டிலைத் தெருவில் போட்டால் அரை மணியில் யாராவது எடுத்துவிடுவார்கள்; இது கிடக்கும். யாருடைய ஒழுக்கமும் இதில் சம்பந்தப்படவில்லை. கிலோவுக்கு 20 ரூபாய் இருந்தால் நகரும், பூஜ்யம் இருந்தால் நகராது.

விலை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நீலகிரி சாட்சி. காட்டில் உடைந்து கிடக்கும் மது பாட்டில்கள் யானைக் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்து, சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கத் தொடங்கினார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பும். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. பாராட்டலாம்தான். ஆனாலும் முன்பணம் கட்டுகிறவர் குடிக்கிறவர், ஸ்டிக்கர் ஒட்டி எண்ணி அடுக்குகிறவர் கடை ஊழியர், இடம் போதவில்லை என்று போராடியவரும் அவரே. சரக்கைக் காய்ச்சி அடைத்து அனுப்பியவர் இந்தக் காட்சியில் எங்கே நிற்கிறார் என்று தேட வேண்டியிருக்கிறது.

மதியம் வெயில் ஏறிவிட்டது. குப்பை தரம் பிரிக்கிற தகரக் கொட்டகை ஒன்று ரோட்டோரமாகவே இருந்தது. தூய்மைப் பணியாளர்கள் நான்கைந்து பேர் நீல டப்பா, பச்சை டப்பாக்களைக் கவிழ்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் மட்டும் கையுறை இல்லை. “கையுறை போட்டா கண்ணாடி சில்லு தெரியாதுண்ணா, வெறுங்கைக்குத்தான் தெரியும்” என்றார். அவருக்கு முன்னால் மூன்று குவியல். மக்குகிற குப்பை, விலை போகிற சாமான், மூன்றாவதாக மினுமினுவென்று ஒரு மேடு.

“அக்கா, நாங்க வீட்லயே பிரிச்சுக் குடுத்தா இதெல்லாம் குறையுமா?”

“எங்களுக்கு வேலை சுளுவு, அது நெஜம். ஆனா நீங்க பிரிச்சாலும் பிரிக்காட்டியும் இந்தக் கவரு இந்தப் பக்கந்தாண்ணா வரும்.” மினுமினு மேட்டைக் காலால் காட்டினார். “இது லாரிக்கு.”

லாரி போகிற இடத்துக்கு ஷேர் ஆட்டோவில் போனேன், 20 ரூபாய். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். கொடுங்கையூர் கிடங்கு கண்ணில் படுமுன் மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. புளித்த, கரிந்த, இன்னதென்று சொல்ல முடியாத வாடை, ஆட்டோவில் இருந்த ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. 300 ஏக்கருக்கு மேல் பரப்பு. சென்னை ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. வட சென்னை, மத்திய சென்னைப் பக்கத்து மண்டலங்களின் குப்பை இங்கேதான் வருகிறது. உள்ளே போகவில்லை. மதிலுக்கு வெளியே மண் சற்று உயர்ந்த ஓர் இடத்திலிருந்து பார்த்தால் மேடு தெரிந்தது. பழைய குப்பையைத் தோண்டிச் சல்லடையில் போட்டுப் பிரிக்கும் வேலை நடக்கிறது; அதற்கு 600 கோடி ரூபாய்க்கு மேல். நீங்களும் நானும் கட்டுகிற வரிப்பணம்.

தோண்டி வெட்டின பக்கம் ஒரு சுவர் மாதிரி நின்றது. அடுக்கடுக்காக வயசு தெரிந்தது. மேலே சாம்பல், நடுவே மக்கிக் கறுத்த மண், அதிலிருந்து துணிக் கிழிசல், செருப்பு. காய்கறியும் காகிதமும் அடையாளம் தெரியாமல் மண்ணாகிவிட்டன. உறைகள் அப்படியே இருந்தன. வேலிக்கு வெளியே காற்றில் வந்து விழுந்திருந்த ஒன்றைக் குச்சியால் திருப்பினேன். சாயம் போயிருந்தது, ஆனாலும் ‘50 காசு’ என்பதைப் படிக்க முடிந்தது. ஐம்பது காசுக்குப் பாக்கெட் விற்ற காலம் போய், ஐம்பது காசு நாணயமே கடையில் செல்லாமல் போயாகிவிட்டது.

சல்லடையில் மிஞ்சுகிற பிளாஸ்டிக்கைச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிக்க அனுப்புகிறார்கள். இதற்கும் சட்டத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. 2016 விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுக்குள் ஒழிக்க வேண்டும் என்றன. கெடு நெருங்கியபோது, 2018 மார்ச்சில், விதி திருத்தப்பட்டது: மறுசுழற்சிக்கும் ஆகாத, எரித்தால் வெப்பமும் தராத, வேறு உபயோகத்துக்கும் உதவாத உறை என்றால்தான் ஒழிக்க வேண்டும். எரியாத பிளாஸ்டிக் உண்டா? சரம் தப்பித்தது. சான்றிதழ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகத்தில் இருந்த சில மறுசுழற்சி நிறுவனங்கள் வழங்கியவற்றில் சுமார் 6 லட்சம் போலி என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2023-ல் கண்டுபிடித்தது. காகிதத்தில் மறுசுழற்சியான பிளாஸ்டிக், ஏதோ ஒரு ஊரில் இப்படி ஒரு மேட்டில்தான் கிடந்திருக்க வேண்டும்.

கிடங்கைச் சுற்றியிருக்கிற எழில் நகர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். டீ 12 ரூபாய். ஈக்கு ஒரு கை, டம்ளருக்கு ஒரு கை. எதிரே அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. இங்கே எரியுலை வேண்டாம் என்று 2025-ல் வட சென்னைக்காரர்கள் மனிதச் சங்கிலி நின்றார்கள். ஊர் முழுக்கக் காலி செய்த பாக்கெட்டின் புகை இவர்கள் மூச்சில்தான் போகும்.

பையில் காலியான ஷாம்பு உறை ஒன்று இன்னும் இருந்தது. பின்பக்கம் வாடிக்கையாளர் சேவை எண் அச்சிட்டிருந்தார்கள், கட்டணமில்லாத எண். அடித்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, கொஞ்ச நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தார். நல்ல மரியாதை.

“சொல்லுங்க சார், எந்தப் பொருள் பற்றி?”

சொன்னேன். பாக்கெட் காலியாகிவிட்டது, உறையை எங்கே திருப்பிக் கொடுப்பது என்று கேட்டேன்.

“பொருளில் ஏதாவது குறை இருந்ததா சார்?”

“இல்லைங்க. நல்லா நுரைச்சுது. உறை மட்டும் மிச்சம்.”

“அருகிலுள்ள குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம் சார்.”

உறையில் அச்சிட்டிருந்த பதிவெண்ணைப் படித்துக் காட்டி, இந்த எண்ணின்படி நீங்கள்தானே திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். ஒரு நிமிடம் என்று மறுபடியும் பாட்டுப் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. “புகாராகப் பதிவு செய்யலாம் சார். ஆனா எந்தப் பிரிவில் போடறதுன்னு தெரியல. அளவு குறைவு, தரம், காலாவதி, ஒவ்வாமை, இந்த நாலுதான் என் திரையில் இருக்கு.”

எதில் வசதியோ அதில் போடுங்கள் என்றேன். யோசித்துவிட்டு, ஒவ்வாமையில் பதிந்துகொண்டார்.